துணியில் ஏறிய சாயத்தை இறக்குவது எப்படி?

துணி இன்னும் ஈரமாக இருக்கிறதா? அப்படியென்றால் இதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில், சாயம் விட்ட துணி எது என்று கண்டுபிடித்துத் தனியே எடுத்துப் போடுங்கள். சாயம் ஏறிய துணிகளை ஒரு வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீரில் முழுக முக்கி வையுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், கொடியில் போட வேண்டாம், டிரையர் பக்கமே போக வேண்டாம். இதைச் செய்துவிட்டு வந்தால் மிச்சத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நேரம் கூடப் பிடிக்கும், கொஞ்சம் வலுவான பொருள் தேவைப்படும், முழுக்கப் போய்விடும் என்ற உறுதி குறையும். இஸ்திரி போட்ட பிறகு கவனித்த துணிகள்கூட மீண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சாயம் ஏன் ஒரு துணியை விட்டு இன்னொன்றில் ஏறுகிறது?

எண்ணெயும் சேறும் துணிமேல் வந்து உட்காருகிற பொருள்கள். சாயமோ நூலைப் பிடித்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது. அதனால்தான் எண்ணெய்க் கறைக்குச் செய்வதுபோல் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் இது அசைவதில்லை. தேய்க்கத் தேய்க்க நூல் பிசிறடித்து அந்த இடம் மட்டும் மங்கிப் போகும்.

எல்லாச் சாயமும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. 1884-இல் காங்கோ சிவப்பு என்ற சாயம் வந்தது. பருத்தியை எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் நேரடியாகச் சாயத் தண்ணீரில் போட்டாலே நிறம் ஏறியது. சாயமிடும் வேலை எளிதாகிவிட்டது. ஆனால் இந்த வகை நேரடிச் சாயங்கள் நூலோடு பலமாகப் பிணைவதில்லை. ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, அவ்வளவுதான். தண்ணீர் கிடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். 1956-இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கின்றன. அவை லேசில் கழலாது. ஆனால் சாயமிடும்போது பிணையாமல் போன மிச்சச் சாயம் இழைகளுக்கிடையே தங்கும். அதை ஆலையில் நன்றாகச் சுடுநீரில் அலசி எடுத்தால்தான் துணி சுத்தம். அந்த அலசலில் அவசரம் காட்டினால், அந்த மிச்சம் நம் வீட்டு வாளியில் வந்து இறங்கும். புதுத் துணி முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் சாயம் விட்டு அப்புறம் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஜீன்ஸ் தனி ரகம். அதிலுள்ள இண்டிகோ தண்ணீரில் கரையாது. நூலின் மேற்பரப்பில் படலம் படலமாகப் படிந்திருக்கும். அதனால் தண்ணீரே இல்லாமல், வெறும் உரசலிலேயே சோபாவிலும் பையிலும் வெள்ளைக் காலணியிலும் நீலம் ஏறுகிறது.

இதெல்லாம் தெரிந்து என்ன பயன் என்றால், வேலையின் வழி இதிலேயே இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது சாயம் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது. போக வழி விட்டால் போய்விடும். தண்ணீர் வற்ற வற்ற அது இழையோடு நெருங்கி ஒட்டுகிறது. மேலே சூடு பட்டால், அதுவும் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைகளில், இன்னும் உள்ளே போகிறது. அதனால்தான் டிரையரும் இஸ்திரியும் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்.

எதில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் எல்லோரும் கேட்பது, "சிவப்புச் சாயத்துக்கு எது போடணும், நீலத்துக்கு எது போடணும்?" என்றுதான். நான் முதலில் கேட்பது வேறு: சாயம் ஏறிய துணி என்ன துணி? சாயத்தை அழிக்கப் பல பொருள்கள் இருக்கின்றன. அந்தப் பொருளை உங்கள் துணி தாங்குமா என்பதுதான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது.

உட்புறத் தையலில் இருக்கும் சின்னப் பட்டியைத் தேடிப் பாருங்கள். அதில் முக்கோணம் ஒன்று இருக்கும். வெறும் முக்கோணம் என்றால் எந்த பிளீச்சும் போடலாம். முக்கோணத்துக்குள் இரண்டு சாய்கோடுகள் இருந்தால் ஆக்சிஜன் பிளீச் மட்டும். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் எந்த பிளீச்சும் கூடாது. தொட்டி போன்ற படத்துக்குள் உள்ள எண், தண்ணீர் அதிகபட்சம் எத்தனை டிகிரி செல்சியஸ் இருக்கலாம் என்பது. பட்டியே இல்லையென்றால், பட்டோ கம்பளியோ என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் அதைப் பட்டாகவும் கம்பளியாகவும் நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

இரண்டாவது கேள்வி, அந்தத் துணிக்குச் சொந்த நிறம் உண்டா? வெள்ளைத் துணியில் ஏறிய சாயத்தை எடுப்பது எளிது. கட்டம் போட்ட சட்டையிலோ பூப்போட்ட படுக்கை விரிப்பிலோ ஏறினால், ஏறிய சாயம் போக வேண்டும், சொந்தச் சாயம் நிற்க வேண்டும். அங்கே நிதானம் கூடுதலாகத் தேவை.

முதல் மருந்து தண்ணீர்

மெல்லியதில் தொடங்கி வலுவானதுக்குப் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பதற்றத்தில் நேரே குளோரின் பிளீச்சை ஊற்றிவிட்டுச் சட்டையை மஞ்சளாக்கிக் கொண்டவர்கள் நிறைய. வெறும் தண்ணீரில் போயிருக்கக்கூடிய சாயம் அது.

குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்த துணியை எடுத்து, தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று முறை அலசுங்கள். தண்ணீரில் நிறம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் மொண்டு பாருங்கள். வாளிக்குள் தெளிவாகத் தெரிகிற தண்ணீர், வெள்ளைக் கிண்ணத்தில் லேசான ரோஸ் நிறமாகத் தெரியும். அந்த நிறம் இருக்கும் வரை சாயம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நல்ல செய்திதான்.

அடுத்தது சோப்பு ஊறல். பருத்தி, லினன், இந்த இரண்டும் கலந்த துணிகளுக்கு இது மிக நன்றாக வேலை செய்யும். செய்முறை இதுதான். உங்களிடம் உள்ளதிலேயே பெரிய தொட்டியை எடுங்கள். துணி தாராளமாக மிதந்து அசைகிற அளவு தண்ணீர் வேண்டும். பட்டி அனுமதிக்கிற அளவு சூடான தண்ணீர் ஊற்றி, பாத்திரம் துலக்கும் நிறமில்லாத திரவ சோப்பு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கலக்குங்கள். துணியை விரித்து முழுக்க அமிழ்த்துங்கள். ஒரு ஓரம்கூடத் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நீட்டிய இடத்தில் தண்ணீர் ஏறிக் காயும்போது சாயத்தையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே கோடு போட்டுவிடும். மேலே ஒரு வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தால் அமுங்கிக் கிடக்கும். இப்படியே 8 முதல் 12 மணி நேரம். தண்ணீர் நன்றாக நிறம் மாறிவிட்டால் நடுவிலேயே கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள்.

சோப்பு கழன்ற சாயத்தைப் பிடித்துத் தண்ணீரிலேயே மிதக்க வைக்கிறது. தண்ணீர் அதிகமாக இருந்தால் சாயம் அதில் பரந்துவிடும். திரும்பத் துணியில் வந்து உட்காருவது குறையும். கொஞ்சத் தண்ணீரில் ஊற வைத்தால் இதே முறை துணி முழுவதற்கும் ரோஸ் பூசிவிடும். தண்ணீரின் அளவில் கஞ்சத்தனம் கூடாது.

இதை நான் நம்பத் தொடங்கியது ஒரு தலையணை உறையால். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு நூலால் பூ வேலை செய்தது, கையால் தைத்தது. முதல் துவைப்பிலேயே ஒவ்வொரு பூவைச் சுற்றியும் சிவப்பு கசிந்து, மழையில் நனைந்த மை எழுத்துபோல ஆகிவிட்டது. இங்கே சாயம் விட்ட துணியைத் தனியே எடுக்க வழியில்லை. விட்டதும் ஏறியதும் ஒரே துணி. பிளீச் போட்டால் பூவும் வெளிறிவிடும். சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ராத்திரி ஊற வைத்தேன். காலையில் தண்ணீர் வெளிர்சிவப்பாக இருந்தது. உறையில் கசிவு பாதியாகக் குறைந்திருந்தது. மாற்றி ஊற்றினேன். மூன்றாவது தண்ணீர் வெள்ளைக் கிண்ணத்தில் நிறமே இல்லாமல் நின்றது. பூக்கள் அப்படியே இருக்க, சுற்றியிருந்த கசிவு மட்டும் காணாமல் போயிருந்தது. கழலத் தயாராக இருந்த சாயம் முழுக்கக் கழன்றுவிட்டதால், அதற்கப்புறம் அந்த உறை ஒருமுறைகூடச் சாயம் விட்டதில்லை.

ஆக்சிஜன் பிளீச்

தண்ணீரும் சோப்பும் முடிந்தவரை எடுத்துவிட்டன, இன்னும் சாயல் இருக்கிறது. சரி, அடுத்த படி. கடையில் "ஆக்சிஜன் பிளீச்" என்றும் "கறை நீக்கும் பொடி" என்றும் கிடைப்பவற்றில் வேலை செய்யும் பொருள் சோடியம் பெர்கார்பனேட். உறையைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் கரைந்ததும் இது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. பெராக்சைடு சாய மூலக்கூற்றில் நிறம் தரும் பகுதியை உடைக்கிறது. உடைந்த பிறகு சாயம் துணியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

போடுவதற்கு முன் சோதனை. நிறமுள்ள துணியில் இதைத் தவிர்க்கவே கூடாது. கால் தேக்கரண்டிப் பொடியை அரைக் கோப்பை வெந்நீரில் கரைத்து, உள்பக்கத் தையல் மடிப்பில் ஒரு சொட்டு விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் வரவில்லை, சொட்டு விட்ட இடமும் வெளிறவில்லை என்றால் தொடரலாம். சட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் இருந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

பிளாஸ்டிக் வாளி எடுங்கள். இரும்பு, தாமிரப் பாத்திரம் வேண்டாம், அவை பெராக்சைடைச் சீக்கிரம் சிதைத்துவிடும். தண்ணீர் 40 முதல் 60 டிகிரி வரை. குளிர்ந்த தண்ணீரில் இந்தப் பொடி சோம்பலாகத்தான் வேலை செய்யும். உறையில் அளவு போட்டிருந்தால் அதன்படி. இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஒரு மட்ட மேசைக்கரண்டி. பொடி முழுக்கக் கரைந்த பிறகுதான் துணியைப் போட வேண்டும். கரையாத பொடி துணிமேல் விழுந்தால் அங்கங்கே வெள்ளைப் புள்ளி விழும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கரைசல் காரத்தன்மை உள்ளது, தோலை வறட்டிவிடும்.

நிறமுள்ள துணியை அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெள்ளையை ஆறு மணி நேரம்வரை தைரியமாக விட்டு வைக்கலாம். அதற்குமேல் அதே கரைசலில் கிடத்துவதில் பயனில்லை, வீரியம் போயிருக்கும். மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம்; ஒவ்வொரு முறையும் கொஞ்சமாவது வெளிறினால் தொடருங்கள். ஒன்று மட்டும் முக்கியம்: மீந்த கரைசலைப் புட்டியில் ஊற்றி மூடி வைக்காதீர்கள். அதிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், புட்டி வெடித்துவிடும்.

பருத்தி, லினன், பாலியஸ்டர், நைலான் எல்லாம் இதைத் தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்காது. அவை விலங்கு இழைகள், காரத்தில் நைந்துபோகும்.

வெள்ளைக்கு மட்டும்: சாயம் உரிக்கும் பொடி

ஆக்சிஜன் பிளீச்சுக்கும் அசையாத சாயம் வெள்ளைத் துணியில் இருந்தால், என் கையில் அடுத்து வருவது சோடியம் டைதயோனைட்டு. ஹைட்ரோசல்பைட்டு என்றும் சொல்வார்கள். "கலர் ரன் ரிமூவர்" என்ற பெயரில் வரும் பல பொடிகளில் இதுதான் இருக்கிறது. பிளீச் ஆக்சிஜனைக் கொடுத்துச் சாயத்தை உடைக்கிறது. இது நேர்மாறாக, சாயத்திலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் வகையில் வேலை செய்கிறது. துணியின் சொந்தச் சாயம், ஏறிய சாயம் என்று இதற்குப் பேதம் கிடையாது. நிறமுள்ள துணியில் போட்டால் எல்லாம் சேர்ந்து போகும். ஆகவே வெள்ளைக்கு மட்டும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். முட்டையும் தீக்குச்சியும் கலந்தது போன்ற கந்தக வாசனை வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். தண்ணீரை முதலில் ஊற்றி, பொடியை அதில் போடுங்கள். பொடிமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஈரம் பட்ட பொடி தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது. அதே காரணத்தால் மிச்சப் பொடியை ஈரம் படாமல் வைக்க வேண்டும். எந்த பிளீச்சோடும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். உலோக ஜிப், பித்தளைப் பொத்தான் இருந்தால் கறுக்க வாய்ப்புண்டு.

ஜீன்ஸின் நீலம் வெள்ளைத் துணியில் ஏறியிருக்கிறதா? இந்தப் பொடி போட்டதும் ஒரு வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள். நீலம் கண்ணெதிரே மங்கி மஞ்சள்பச்சையாக மாறும். அடடா, போய்விட்டது என்று எடுத்துக் காற்றில் பிடித்தால், அதே இடத்தில் மெல்ல நீலம் திரும்பி வரும். இண்டிகோ அழியவில்லை, தண்ணீரில் கரையக்கூடிய வேறு உருவத்துக்கு மாறியிருந்தது, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் பழைய உருவத்துக்கு வந்துவிட்டது. ஜீன்ஸ் நூலுக்குச் சாயமேற்றுவதே இந்த முறையில்தான். அதனால் அது மஞ்சள்பச்சையாக இருக்கும் நேரத்தில் துணியைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீருக்கு மாற்றி, அமுக்கி அமுக்கி அலசி, கரைந்த சாயத்தை வெளியேற்றிவிட வேண்டும். கொஞ்சம் நீலம் திரும்பினால் இன்னொருமுறை.

குளோரின் பிளீச் பற்றி

இதை நான் கடைசியில்தான் வைப்பேன், பலமுறை எடுக்காமலேயே முடிந்துவிடும். வெள்ளைப் பருத்திக்கும் வெள்ளைப் பாலியஸ்டருக்கும் மட்டும் சரி. பட்டு, கம்பளி, நைலான், இழுபடும் எலாஸ்டேன் கலந்த துணி எதிலும் போடக் கூடாது. மஞ்சளாகும் அல்லது நைந்துபோகும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு வீட்டு உபயோக பிளீச் 10 முதல் 15 மில்லி, ஐந்து நிமிடம், அதிகபட்சம் பத்து. அப்புறம் நிறையத் தண்ணீரில் அலசல்.

வினிகர், கழிப்பறை கழுவும் அமிலம், அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவம் எதனோடும் குளோரின் பிளீச்சைக் கலக்காதீர்கள். அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும் நச்சு. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறீர்கள் என்றால் நடுவில் துணியையும் வாளியையும் நன்றாகக் கழுவிவிட்டு மாறுங்கள்.

பட்டு, கம்பளி, செயற்கை இழை

பட்டிலும் கம்பளியிலும் சாயம் ஏறினால் கையில் இருக்கும் வழிகள் குறைவு, ஆனால் இருக்கின்றன. கம்பளிக்கென்று உள்ள மென்மையான திரவ சோப்பை 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில் கலந்து, கசக்காமல் அமிழ்த்தி வையுங்கள். கம்பளியைச் சூட்டில் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும்; சாயம் போனாலும் சட்டை போடும் அளவில் இருக்காது. வெள்ளைப் பட்டில் சிறு இடமென்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தோய்த்து, ஓரத்தில் சோதித்துவிட்டு ஒற்றலாம். நிறம் வெளிறியதும் அலசிவிட வேண்டும். விலை உயர்ந்த, நிறமுள்ள பட்டென்றால் நான் கை வைக்க மாட்டேன். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு உலர் சலவைக்காரரிடம் கொண்டுபோய், என்ன நடந்தது என்று சொல்லிக் கொடுப்பதுதான் நல்லது.

நைலான் நீச்சலுடை, உள்ளாடை, விளையாட்டு உடைகள் சாயத்தைப் பசியோடு உறிஞ்சிக்கொள்ளும். துவைக்கும்போது ஒரு கறுப்புத் துணி கூட இருந்தால் போதும், வெள்ளை நைலான்தான் முதலில் சாம்பல் நிறமாகும். ஆக்சிஜன் பிளீச்சை 40 டிகிரியில் போட்டுப் பலமுறை முயல வேண்டியிருக்கும். பாலியஸ்டர் எதிலிருந்தும் எளிதில் வாங்கிக்கொள்ளாது. ஆனால் இன்னொரு பாலியஸ்டரின் சாயம் சூட்டோடு ஏறிவிட்டால், அதை எடுப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். அந்தச் சாயம் இழைக்குள்ளேயே கரைந்துபோய் இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றிப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் வழி இருக்கிறது.

துவைக்க முடியாதவை

சோபா, மெத்தை, கார் இருக்கை இவற்றையெல்லாம் ஊற வைக்க முடியாது. உறை கழற்றக்கூடியதா என்று முதலில் பாருங்கள். கழன்றால் அது சாதாரணத் துணிதான், மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். கழலாவிட்டால் ஒற்றல்தான் வழி. வெள்ளைத் துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டு, கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள். துணியின் புதுப் பக்கத்தை மாற்றி மாற்றிக் காட்டுங்கள், இல்லையென்றால் எடுத்த சாயத்தையே திரும்ப வைப்பீர்கள். பிறகு வெறும் தண்ணீர், பிறகு காய்ந்த துணி. வெளிர் நிறத் துணி என்றால் 3 சதவீதப் பெராக்சைடைச் சோதித்துவிட்டுப் போடலாம். பஞ்சு வரை தண்ணீர் இறங்கவிடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். முடிந்ததும் மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள்.

கம்பளி விரிப்பில் சாயம் கசிந்தால் வேகம்தான் மருந்து. எவ்வளவு சீக்கிரம் ஈரத்தை ஒற்றி எடுக்கிறீர்களோ அவ்வளவு பரவல் குறையும்.

செயற்கைத் தோல் சோபாவில் ஏறிய ஜீன்ஸ் நீலம் பலரையும் அலைக்கழிக்கிற விஷயம். அந்தப் பிளாஸ்டிக் மென்மையாக இருப்பதற்குச் சேர்த்த பொருளிலேயே சாயம் கரைந்து உள்ளே இறங்குகிறது. ஒரு நாள் ஆன நீலத்தைச் சோப்புத் துணியால் துடைத்துவிடலாம். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஏற்றியதை எடுக்க முடியாமலே போகலாம். அதனால் அதைக் கண்டதும் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அசல் தோலில் ஆல்கஹால் போடாதீர்கள், மேல்பூச்சே உரிந்துவிடும். தோலுக்கென்று உள்ள கழுவு திரவம் மட்டும்.

உப்பும் வினிகரும்

புதுத் துணியை உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊற வைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் பருத்தியில் அது நடப்பதில்லை. சாயப்பட்டறையில் உப்புப் போடுவது உண்மைதான். தண்ணீரில் மிதக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்காக அங்கே உப்புப் போடுகிறார்கள். வீட்டு வாளியில் போட்டாலும் உப்பு அதே வேலையைத்தான் செய்யும்: கழன்ற சாயத்தைப் பக்கத்தில் கிடக்கும் வெள்ளைத் துணியின்மேல் தள்ளும். வினிகர் போன்ற அமிலம் பட்டு, கம்பளிச் சாயங்களுக்கு உதவுவது, அதுவும் சாயமிடும்போது சூட்டோடு சேர்ந்து. பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் காரத்தில்தான் பிணைகிறது.

அடுத்த முறை வராமல் இருக்க

ஆய்வுக்கூடங்களில் ஐஎஸ்ஓ 105 என்ற சர்வதேசத் தர அளவுகோல்படி சாய உறுதியைச் சோதிக்கிறார்கள். அதில் ஒன்று, வெள்ளைப் பருத்தித் துணியால் சாயத் துணியைப் பத்து முறை உரசி, ஏறிய நிறத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடுவது; 5 என்றால் துளியும் ஏறவில்லை. காய்ந்த துணியால் ஒருமுறை, ஈரத் துணியால் ஒருமுறை. இதை நீங்களும் செய்யலாம். புதுத் துணி வாங்கி வந்ததும், வெள்ளைக் கைக்குட்டை ஓரத்தை நனைத்து உள்பக்கத் தையலில் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அது குறைந்தது மூன்று துவைப்புக்குத் தனியாகத்தான் போக வேண்டும்.

கழன்ற சாயத்தைப் பிடித்து வைக்கும் தாள்கள் கிடைக்கின்றன. அவற்றுக்கு நேர்மின்னேற்றம் கொடுத்திருப்பார்கள்; பருத்திச் சாயங்கள் எதிர்மின்னேற்றம் உள்ளவை என்பதால் தாளில் போய் ஒட்டுகின்றன. லேசாகச் சாயம் விடும் துணிகளுக்கு இவை நன்றாக உதவும். ஒரு புதுச் சிவப்புத் துண்டையும் வெள்ளைச் சட்டையையும் ஒரே தாளை நம்பிச் சேர்த்துப் போடாதீர்கள்.

அப்புறம், மெஷின் நின்றதும் துணியை எடுத்துவிடுங்கள். சீராக ஏறிய ரோஸ் நிறம் துவைக்கும்போது வந்தது. திட்டுத் திட்டாக, மடிப்பின் வடிவத்திலேயே ஏறிய சாயம் பெரும்பாலும் துவைத்து முடிந்த பிறகு, ஈரத் துணிகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கிடந்த நேரத்தில் வந்தது. இந்தத் திட்டுச் சாயம் ஒரே இடத்தில் ஆழமாக இறங்கியிருக்கும், எடுக்க இரண்டு மடங்கு வேலை. ராத்திரி மெஷினைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற வழக்கம் இருந்தால், அன்றைக்கு நிறத் துணிகளையும் வெள்ளையையும் கலக்காமல் போடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு சாயல் நின்றுவிட்டால், துணியை நன்றாகக் காய வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்தது காய்ந்தபின் தெரியாமலே போகலாம். அப்போதும் தெரிந்தால், பருத்தி என்றால் அதைவிட அடர்த்தியான நிறத்தில் ரியாக்டிவ் சாயம் போட்டுவிடலாம். அந்த ரோஸ் சாயலின் மேல் கருநீலமோ மரூனோ நன்றாக அமரும். தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால் அது மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளையாகவே நிற்கும், தெரிந்துகொண்டு போடுங்கள்.